கல் விழுந்த கரை

கனடாவின் கியூபெக் நகரத்திலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையைப் பிடித்துக் கிழக்கே போனால், அதிக தூரம் போவதற்குள் கரை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. நூறு கோடி ஆண்டு வயதுள்ள பாறை மலைகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. உழ நிலமில்லை, ஊர் வைக்க இடமில்லை. 138ஆம் எண் நெடுஞ்சாலை ஆற்றை விட்டு விலகி, மலையேறி, காட்டுக்குள் ஓடுகிறது. பிறகு ஒரு நீண்ட இறக்கத்தின் முடிவில் பே-சேன்-போல் தெரிகிறது. அகன்ற பள்ளத்தாக்கு, அதன் நடுவே வளைந்து வரும் கூஃப்ர் ஆறு, இருபுறமும் புல் வயல்கள், தேவாலயத்தின் கூரிய கோபுரம். இவ்வளவு கரடான மலைத்தொடரில் இப்படி ஒரு சமவெளி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அந்த இறக்கத்தைக் கடப்பது கடினம்.

இந்த நாட்டுப்புறத்தின் பெயர் ஷார்லவுவா. பிரெஞ்சு பேசும் உழவர்களும் மரம் வெட்டுவோரும் படகோட்டிகளும் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் பகுதி. இதன் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். கூஃப்ர் ஆற்றின் பள்ளத்தாக்கு பே-சேன்-போலிலிருந்து வடக்கே சேன்-துர்பேன் வரை போகிறது. அங்கிருந்து தாழ்நிலம் கிழக்கே வளைந்து, மால்பே ஆற்றின் பள்ளத்தாக்கோடு சேர்ந்து, லா மால்பே என்ற ஊரில் மறுபடி செயின்ட் லாரன்ஸைத் தொடுகிறது. கிட்டத்தட்ட முழுமையான அரைவட்டம். அந்த அரைவட்டத்தின் மையத்தில், ஆற்றங்கரையை ஒட்டி, 768 மீட்டர் உயர எபூல்மான் மலை தனியாக நிற்கிறது. பள்ளத்தாக்குகள் நேராக ஓடலாம், கிளை பிரியலாம். கவராயம் வைத்து வரைந்ததுபோல வளைவது அரிது.

1960களின் நடுவில் இந்தப் பகுதிக்கு நிலவியல் வரைபடம் தயாரிக்க வந்தவர் ழான் ரோந்தோ. வெளியே தெரியும் பாறை ஒவ்வொன்றையும் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவதுதான் அந்த வேலை. 1965இல் சில பாறைகளில் அவர் கூம்பு வடிவங்களைக் கண்டார். ஒவ்வொரு கூம்பிலும் நுனியிலிருந்து அடியை நோக்கி மெல்லிய வரிகள் விரிந்து இறங்கின. சில கூம்புகள் விரலளவு, சில முழங்கை நீளம். நிலவியலாளர்கள் இவற்றைச் சிதறுகூம்புகள் என்கிறார்கள். எரிமலையால் இவை உண்டாவதில்லை. மலைகள் மடியும்போதும் உண்டாவதில்லை. காற்றழுத்தத்தைப் போல இருபதாயிரம் மடங்குக்குக் குறையாத அழுத்த அலை கண்ணிமைப்பதற்குள் பாறையை ஊடுருவிப் போக வேண்டும். மனிதர்கள் நடத்திய மாபெரும் வெடிப்புச் சோதனைகளைத் தவிர்த்தால், அப்படிப்பட்ட அலையை எழுப்பக்கூடியது வானிலிருந்து விழும் கல் ஒன்றுதான்.

1968இல் ரோந்தோவின் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் பி. பிளைத் ராபர்ட்சன் என்ற இன்னொரு கனேடிய ஆய்வாளரும் இதே முடிவை வெளியிட்டார். இங்குள்ள பாறைகளில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒன்றுக்கொன்று இணையான நுண்ணிய தளங்கள் வரிவரியாக ஓடுவது தெரியும். படிகத்தின் உள்ளமைப்பே அதிர்ச்சியில் குலைந்ததற்கான அடையாளம் அது. மையத்தை நெருங்க நெருங்க இந்தத் தடயங்கள் வலுக்கின்றன, விலக விலக மங்குகின்றன. ஷார்லவுவா 54 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் பள்ளம் என்பதில் அதன் பிறகு ஐயம் எழவில்லை. அதன் தென்பாதி ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது. மக்கள் வாழ்வது வடபாதியில்.

கல் எப்போது விழுந்தது என்பதற்கு முதலில் சொன்ன விடை சுமார் 35 கோடி ஆண்டுகள். அண்மைக் காலத்தில், தாக்கத்தில் உருகி மறுபடி உறைந்த கனிமங்களில் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவைக் கணக்கிட்டபோது, அந்தக் காலம் 45 கோடி ஆண்டுகளை ஒட்டித் தள்ளிப்போனது. இதற்குமேல் பின்னால் தள்ளவும் முடியாது. அந்தச் சமயத்தில் ஆழமற்ற கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லிலும் சிதறுகூம்புகள் இருக்கின்றன. கல் விழுந்தபோது அந்தச் சுண்ணாம்புப் படிவு அங்கே இருந்தாக வேண்டும். அன்று இந்த நிலம் இன்றைய இடத்தில் இல்லை, பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெப்பமண்டலத்தில் இருந்தது. கடலில் டிரைலோபைட்டுகள் ஊர்ந்தன. நிலத்தில் மரம் என்ற ஒன்று இன்னும் தோன்றியிருக்கவில்லை.

விழுந்த கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 2 கிலோமீட்டர், எடை 1,500 கோடி டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் இவ்வளவு பெரிய பொருளின் முன்னால் பாறை பாறையாக இருப்பதில்லை. முதலில் அது கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் ஓடி, ஆழமான குழி திறந்தது. சிறிய தாக்கமாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி அப்படிப்பட்டது: 1.8 கிலோமீட்டர் அகலம், எளிய கிண்ண வடிவம். குழியின் அளவு சில கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் புவியீர்ப்பு அதை நிற்க விடாது. சுவர்கள் உள்நோக்கிச் சரியும். அமுங்கிய அடித்தளம் மேலே எழும். எழுந்தது அப்படியே உறைந்து நடுவில் மலையாக நிற்கும். அந்த மலைக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே உடைந்து தாழ்ந்த பாறைகள் வளையமாகக் கிடக்கும். குழி திறந்ததிலிருந்து மலை நின்றது வரை ஆன நேரம் சில நிமிடங்கள். ஒரு மலை பிறக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றே பள்ளியில் படித்தோம். எபூல்மான் மலை அந்தக் கணக்கில் சேராது.

ஷார்லவுவாவைப் பற்றிய பயண விளம்பரங்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகின்றன. விண்கல் விழுந்தது, அழகிய பள்ளத்தாக்கு பிறந்தது என்பது அவற்றின் சுருக்கம். இந்த நிலத்துக்கு அது பெரிய அநீதி என்று நினைக்கிறேன். 45 கோடி ஆண்டுகளில் பள்ளத்தின் மேற்பகுதி முழுவதும் அரித்துப் போய்விட்டது. நாம் இன்று பார்ப்பது கல் தோண்டிய குழியை அல்ல. அந்தக் குழிக்கு அடியில் நொறுங்கிப்போன பாறையின் வேரைத்தான் பார்க்கிறோம். நொறுங்கிய பாறை எளிதில் கரையும். மழையும் ஆறுகளும் பிற்காலத்தில் வந்த பனியும் அந்த வளையத்தில் கை வைத்தபோது அது மற்ற இடங்களைவிட விரைவாகக் குழிந்தது. அங்கே கீழிறங்கி ஒதுங்கியிருந்த சுண்ணாம்புப் படிவுகள் சுற்றியிருந்த நைஸ் பாறையைவிட மென்மையானவை. கல் பலவீனத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொடுத்தது. வெட்டும் வேலையை வேறு பல கைகள் செய்தன.

கடைசியாக வந்த பெரிய கை பனிப்பாறை. கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த லாரென்டைடு பனிப்போர்வை தடித்த இடங்களில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கனம் இருந்தது. அதன் எடையில் நிலமே அமுங்கியது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனி பின்வாங்கியபோது, அமுங்கிய நிலம் நிமிர்வதற்குள் கடல் உள்ளே புகுந்தது. கோல்த்வெயிட் கடல் என்று பெயரிடப்பட்ட அந்த வெள்ளம் இன்றைய மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் ஏறி, கூஃப்ர், மால்பே பள்ளத்தாக்குகளைக் கழிகளாக்கியது. பனி உருகிய ஆறுகள் கொண்டுவந்த மாவு போன்ற களிமண் அந்த அமைதியான நீரில் படிந்தது. கழிமுகங்களில் மணலும் சரளையும் குவிந்தன. பிறகு நிலம் மெல்ல நிமிர, கடல் படிப்படியாக இறங்கியது. அதன் பழைய கரைகள் இன்றும் பள்ளத்தாக்கின் பக்கங்களில் படிக்கட்டாகத் தெரிகின்றன. சுற்றியுள்ள மலைகளின் மண் மெல்லியது, அமிலத்தன்மை கொண்டது, ஊசியிலை மரங்களைத் தவிர மற்றவற்றுக்கு அதிகம் பயன்படாதது. புல்லும் ஓட்ஸும் பார்லியும் விளைவது இந்தக் களிமண் படிகளில்தான். விண்கல் இடத்தைக் கொடுத்தது, மண்ணைக் கொடுத்தது கடல்.

அந்தக் களிமண்ணுக்கு ஆபத்தான ஒரு குணமும் உண்டு. அதன் துகள்கள் நுண்ணிய தகடுகள். உப்புநீரில் படிந்தபோது அவை சீட்டுகளைச் சாய்த்துக் கட்டிய வீட்டைப் போல ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன, இடைவெளியெல்லாம் தண்ணீர். கடல் விலகிய பிறகு மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊறி உப்பைக் கரைத்துக் கொண்டுபோயிற்று. தகடுகளைப் பிணைத்திருந்த விசை தளர்ந்தது. பார்வைக்குக் கெட்டியான நிலம், மேலே மாடு மேய்கிறது. பலமாக ஓர் அதிர்வு வந்தால் சீட்டுவீடு சரிந்து, நிலம் குழம்பாக ஓடும்.

1663 பிப்ரவரி 5 அன்று மாலை அந்த அதிர்வு வந்தது. கருவிகள் இல்லாத காலம் அது. ஆனால் கியூபெக்கில் இருந்த யேசு சபைக் குருக்களின் ஆண்டறிக்கையும் துறவி மரி த லேன்கார்னசியோன் எழுதிய கடிதங்களும் நடந்ததைப் பதிவு செய்திருக்கின்றன. தெற்கே நியூ இங்கிலாந்து வரை உணரப்பட்ட நிலநடுக்கம், 7க்கு மேற்பட்ட அளவுள்ளது என்று இன்று கணிக்கிறார்கள். ஷார்லவுவாவில் கரையோரக் குன்று ஒன்று சரிந்து ஆற்றுக்குள் போனது. எபூல்மான் ஊரின் கீழ், சேன்-ஜோசஃப்-த-லா-ரீவ் படுகை வரை இறங்கும் மேடுபள்ளமான சரிவைப் பழகிய கண்ணால் பார்த்தால், அது ஓடி நின்ற நிலம் என்பது தெரியும். 1791, 1860, 1870 ஆகிய ஆண்டுகளிலும் பெரிய அதிர்வுகள் வந்தன. 1925 பிப்ரவரி 28 இரவு வந்ததன் அளவு 6.2. சிறியவற்றையும் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாகின்றன. கிழக்குக் கனடாவில் இவ்வளவு அடிக்கடி நிலம் அசையும் பகுதி வேறில்லை.

இதற்கும் விண்கல்லே காரணம் என்று எண்ணத் தோன்றும். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அதே கியூபெக்கில், வடக்கே, மானிகுவாகன் என்ற இன்னும் பெரிய விண்கல் பள்ளம் இருக்கிறது. சுமார் 21 கோடி ஆண்டு வயதுள்ள அதன் வளைய ஏரியை விண்வெளியிலிருந்தும் பார்க்கலாம். அங்கே நிலம் இப்படி அதிர்வதில்லை. ஷார்லவுவாவின் அதிர்வுகள் வட்டமாகப் பரவவும் இல்லை. செயின்ட் லாரன்ஸின் போக்கிலேயே நீண்டு, பள்ளத்தின் எல்லையைத் தாண்டி வடகிழக்கே போகின்றன. அந்தத் திசையில் ஓடுபவை மிகப் பழைய பிளவுகள். அட்லாண்டிக்குக்கு முன்பிருந்த ஐயாபிட்டஸ் என்ற கடல் திறந்தபோது, ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டத்தின் விளிம்பு கிழிந்த இடங்கள். கல் விழும்போதே அவை அங்கே இருந்தன. இன்று வட அமெரிக்கத் தட்டு முழுவதிலும் நிலவும் அழுத்தம் அந்தப் பழைய கிழிசல்களை அசைக்கிறது. கல் அவற்றின் நடுவில் விழுந்து பாறையை மேலும் நொறுக்கியதால், பள்ளத்துக்குள் அழுத்தம் சின்னச் சின்ன அதிர்வுகளாகத் தீர்ந்துபோகிறது. பெரியவை பெரும்பாலும் பள்ளத்தின் ஓரத்திலும் அதற்கு அப்பாலும் நிகழ்கின்றன. பிளவும் கல்லும் ஒரே இடத்தில் சந்தித்தது தற்செயல். அறிவியலில் தற்செயலைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்வதற்கு, காரணம் கண்டுபிடிப்பதைவிட அதிகப் பொறுமை வேண்டியிருக்கிறது.

இனி ஆறு. ஷார்லவுவா மக்கள் அதை ஆறு என்று சொன்னாலும், அங்கே அது பாதி கடல். ஈல்-ஓ-கூத்ர் தீவை ஒட்டிய பகுதியில்தான் நன்னீர் கடல்நீரோடு தீவிரமாகக் கலக்கிறது. பெரிய ஓதங்களில் நீர்மட்டம் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஏறும்போது கரை வீடுகளின் அருகே வருகிறது. வற்றும்போது சேறும் பாறையுமாகப் படுகை வெகுதூரம் வெளிப்படுகிறது. துறைமுகம் கட்ட வசதியில்லாத இந்தக் கரைக்கு ஏற்றபடி மக்கள் படகையே மாற்றிக்கொண்டார்கள். கோயலெத் என்று அவர்கள் அழைத்த மரக்கப்பல்களுக்கு அடிப்பாகம் தட்டை. ஓதம் வற்றினால் கப்பல் சேற்றில் நிமிர்ந்து உட்காரும். குதிரை வண்டியைப் பக்கத்திலேயே கொண்டுவந்து விறகும் மரக்கட்டையும் ஏற்றுவார்கள். அடுத்த ஓதம் கப்பலைத் தூக்கிக்கொண்டு போகும். சேன்-ஜோசஃப்-த-லா-ரீவில் அவற்றைக் கட்டிய பட்டறை இன்று அருங்காட்சியகம். சாலைகள் நல்லபடி அமைந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அந்தத் தொழில் மறைந்தது.

ஓதத்தை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்திய வேலை பெலூகா பிடிப்பு. பெலூகா வெண்ணிறத் திமிங்கிலம், ஆர்க்டிக் நீரில் வாழ்வது. செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் அதன் ஒரு கூட்டம் பனியுகத்துக்குப் பின் தங்கிவிட்டது. ஆண்டு முழுவதும் குளிர்ந்த நீர் கிடைப்பதுதான் காரணம். கடலிலிருந்து வரும் ஆழமான கால்வாய் சாகெனே ஆற்றின் முகத்தருகே முடிகிறது. அங்கே அடிநீர் மேலே தள்ளப்பட்டு உணவும் பெருகுகிறது. ஈல்-ஓ-கூத்ர் தீவினர் வற்றிய படுகையில் மெல்லிய மரக்கழிகளை வரிசையாக, பெரிய வளைவாக நட்டார்கள். வலை கிடையாது, கழிகளுக்கு இடையே திமிங்கிலம் எளிதாகப் புகுந்துவிடக்கூடிய இடைவெளி. சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு ஓதத்தோடு உள்ளே வரும் பெலூகா, நீர் இறங்கத் தொடங்கியதும் வெளியேறப் பார்க்கும். நீரோட்டத்தில் கழிகள் நடுங்கும். ஒலியால் வழி பார்க்கும் அந்த விலங்கு நடுங்கும் வேலியைத் தாண்டத் துணியாமல், தரை தட்டும் வரை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எதிராளியின் புலன் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்களால் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பொறி இது. இதை முதலில் அமைத்தவர்கள் பழங்குடியினரா, பிரெஞ்சுக் குடியேறிகளா என்பதைத் தீவின் முதியவர்கள் விவாதித்துக்கொண்டே இருந்தார்கள். 1924இல் நின்றுபோன இந்தப் பிடிப்பை, பியேர் பெரோவும் மிஷேல் பிரோவும் எடுத்து 1963இல் வெளிவந்த ஆவணப்படத்துக்காகத் தீவினர் மறுபடி ஒருமுறை செய்து காட்டினார்கள். முன்போல எண்ணெய்க்காக அல்ல, ஒரு பெலூகாவை உயிரோடு பிடித்து நியூயார்க் நீர்வாழ் உயிரினக் காட்சியகத்துக்குக் கொடுக்க.

பெலூகாவை அழித்தது இந்தக் கழி வேலி மட்டும் அல்ல. மீன்வளத்தைத் தின்றுவிடுகிறது என்று பயந்து 1930களில் அரசே கொல்வோருக்குப் பரிசு கொடுத்தது. வேட்டை தடைசெய்யப்பட்டது 1979இல். ஒரு காலத்தில் பத்தாயிரத்தை ஒட்டி இருந்ததாக மதிப்பிடப்படும் கூட்டம் இன்று இரண்டாயிரம் அளவில் நிற்கிறது. தொழிற்சாலைக் கழிவுகளும் கப்பல்களின் இரைச்சலும் கன்றுகளின் இறப்பும் அதை எழவிடாமல் வைத்திருக்கின்றன.

ஆற்றங்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்தால், ஒரு நாள் பயணத்துக்குள் பல அட்சரேகைகளைக் கடந்த அனுபவம் கிடைக்கிறது. கீழே உப்புச் சதுப்பு, பள்ளத்தாக்கில் சர்க்கரை மேப்பிளும் மஞ்சள் பர்ச்சும், மேலே பால்சம் ஃபர், அதற்கும் மேலே கருப்பு ஸ்புரூஸ் மரங்களுக்கு இடையே வெளிறிய லைக்கன் விரிந்த திறந்த காடு. சிகரங்களில் மரமே இல்லை, தூந்திரத்தின் செடிகள். பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் 980 மீட்டர் உயர அன்னப்பறவை ஏரி மலையில் ஏறினால் மொத்த அரைவட்டத்தையும் ஒரே பார்வையில் காணலாம். இப்பகுதியை யுனெஸ்கோ 1988இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததற்கு இந்த அடுக்குகள் ஒரு முக்கியக் காரணம்.

லைக்கனைத் தின்று வாழும் கரிபூ மான் இந்த உயர்நிலத்துக்கு உரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையால் இங்கே அது அற்றுப்போனது. 1960களின் இறுதியில் வடக்கிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். சில காலம் அது வெற்றியாகத் தெரிந்தது. ஆனால் சுற்றிலும் மரம் வெட்டிய இடங்களில் இளங்காடு வளர்ந்தது. இளங்காட்டைத் தேடி மூஸ் மான் வந்தது. மூஸைத் தேடி ஓநாய் வந்தது. ஓநாய்க்கு மூஸைவிடக் கரிபூ எளிய இரை. வெட்டுக்காடுகளின் சாலைகளும் ஓநாய்க்கு வழியாயின. 2022 குளிர்காலத்தில் எஞ்சியிருந்த பதினாறு விலங்குகளையும் பிடித்து வேலிக்குள் வைத்தார்கள். காட்டைத் திருத்தாமல் விலங்கை மட்டும் காப்பாற்றும் முயற்சிக்கு எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் அறியேன்.

பள்ளத்தாக்கின் சமநிலத்தில் மனிதர்கள் வேரூன்றினார்கள். ஆற்றில் தொடங்கி மலைவரை நீளும் ஒடுங்கிய பட்டைகளாக நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் நீர்க்கரை, கொஞ்சம் வயல், கொஞ்சம் விறகுக்காடு. சிறிய, கருமையான, குளிரைத் தாங்கும் கனடியேன் மாட்டினம் இன்றும் இங்கே பால் தருகிறது. ஷார்லவுவா ஆட்டிறைச்சி 2009இல் கியூபெக்கின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது. கிளாரன்ஸ் கான்யோன் போன்ற ஓவியர்கள் பே-சேன்-போலில் தங்கி வரைந்த பனிக்காலக் காட்சிகளில் இந்த வயல் பட்டைகளும் வளைந்த மலைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆனால் சமநிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. உடைந்த வளையம் சுற்றியுள்ள உயர்நிலத்தின் நீரையெல்லாம் தன்னிடம் இழுக்கிறது. சரிவு செங்குத்து, தூரம் குறைவு. 2023 மே 1 அன்று பெருமழையும் உருகும் பனியும் ஒன்றாகச் சேர, கூஃப்ர் ஆறு சேன்-துர்பேனிலும் பே-சேன்-போலிலும் கரையை உடைத்து வீடுகளையும் சாலைகளையும் கொண்டுபோனது. மக்களை மீட்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் வெள்ளத்தில் இறந்தார்கள். தண்ணீர் வடிந்தபோது ஆறு சில இடங்களில் புதிய தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோல்த்வெயிட் கடல் விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும் தளர்வானவை. ஆறு அவற்றில் இடம் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அதன் பழைய வளைவுகள் வயல்களுக்கு நடுவே இன்னும் தெரிகின்றன. எந்த வளைவுக்கு ஆறு மறுபடி வரும், எந்த மேட்டில் வீடு கட்டலாம் என்பதே இன்று அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் முன்னுள்ள கேள்வி.